ஏர்கூலரை வலம் வந்த கோப்பு

அருணை வட்ட நகர மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று இருப்பதே திருவண்ணாமலையில் பல பேருக்குத் தெரியாது. வாரியம் இதையும் தன் சாதனைகளில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. "விளம்பரமில்லாத சேவை" என்று அதற்குப் பெயர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி உள்ளே போனால், மாடியில் பாதிக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் ஒரு கட்டிடம் வரும். அதுதான்.

அந்த வாரியத்தில் வருடத்துக்கொரு முறை ஒரு பெரிய காரியம் நடக்கும். வரும் வருடத்தில் நகர மேலாளர் என்னென்ன சாதிக்க வேண்டும் என்று கூடி உட்கார்ந்து இலக்கு வைப்பார்கள். வருடக் கடைசியில் மதிப்பெண் போடுவார்கள். போன வருடத்து இலக்குகளில் முதலாவது, பன்னிரண்டு பௌர்ணமிக் கிரிவலங்களை நடத்தி முடிப்பது. சந்திரன் தாராளமாக நடந்துகொண்டதில் அந்த வருடம் பதின்மூன்று பௌர்ணமி வந்துவிட்டது. நகர மேலாளருக்கு நூற்றெட்டு சதவீதம் போட்டார்கள். எண்ணும் மங்களகரமாக அமைந்துவிட்டதால் தலைவர் கண் கலங்கிவிட்டார். கோடை வெப்பத்தை மார்கழிக்குள் குறைப்பது இன்னொரு இலக்கு. குறைந்தது. மலையின் உயரம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு இலக்கு. அதற்குத் தனியாகத் துணைக்குழு இருந்தது. குழு இரண்டு முறை வேனில் போய் மலையைப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குள் கனகமாலா எப்படி நுழைந்தாள் என்றால், சாக்கடை வழியாகத்தான்.

கனகமாலா செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கணவன் பவனுக்குக் கீழ்பென்னாத்தூரில் விதைக் கடை. இருவரும் கடன் வாங்கி வேங்கிக்காலில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் ஒரு வீடு கட்டினார்கள். தெருவுக்கு வாரியம் அழகாக ஒரு சிமென்ட் கால்வாய் கட்டிக் கொடுத்தது. கால்வாய் தெருமுனையில் ஆரம்பித்து நேராக வந்து, கனகமாலா வீட்டு வாசலில் நின்றுவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய வாய்க்கால் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய் போட வேண்டும். அதை மட்டும் போடவில்லை. பின் தெருவுக்கும் இதே கதிதான். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் என்ன சோப்பு என்பதெல்லாம் அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். போன ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நின்று, மகள் சுருதிக்கு டெங்கு வந்துவிட்டது. எட்டு வயசுப் பிள்ளை. ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஆஸ்பத்திரியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களைப் பற்றிக் கனகமாலா யாரிடமும் பேசுவதில்லை. மறுபடி ஐப்பசி வரும், மறுபடி தண்ணீர் நிற்கும். அதற்குள் அந்தக் குழாயைப் போட வைக்க வேண்டும். இந்த ஒன்றைத் தவிர அவள் மண்டையில் வேறெதுவும் ஓடவில்லை.

மனு கொடுத்தாள். போனில் சொன்னாள். நேரில் போய் நின்றாள். வாரியத்துக்கு அந்த வருடம் புகார்களை நாற்பது சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஓர் இலக்கு இருந்தது. கணக்கெடுத்துப் பார்த்தபோது, வந்த புகாரில் நாற்பது சதவீதம் கனகமாலா ஒருத்தி கொடுத்தது என்று தெரியவந்தது. உடனே அவளைப் பொதுமக்கள் பிரதிநிதி என்று இலக்குக் குழுவில் உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள். உறுப்பினர் சொன்னால் அது புகார் ஆகாதாம், உள்ளார்ந்த கருத்தாம். அன்று சாயங்காலமே இலக்கு எட்டப்பட்டது.

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸில் சாயங்காலச் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். ஜைனக் குடும்பம் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒன்றும் போட மாட்டாள்.

ஹாலில் எட்டு மேசைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் இருப்பதுபோல ஆபீசுக்கும் எட்டு மூலை வேண்டும் என்று வாஸ்து பார்க்க வந்த ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று முதல் தலைவர் உட்காருவது இந்திர மூலை. தெருவிளக்கு அக்னி மூலை. பிறப்பு இறப்புப் பதிவு எம மூலை. வரி வசூல் நிருதி மூலை. தண்ணீரும் சாக்கடையும் வருண மூலை. பணம் குபேர மூலை. நகர மேலாளர் ஈசானியத்தில். கோப்புகள் இந்த மேசைகளை வலமாக மட்டும்தான் சுற்ற வேண்டும். இடமாக ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகக் கூடாது. நடுவில், மலை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ஏர்கூலர் ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த வாயு மூலை நாலு வருடமாகக் காலிப் பணியிடம். கனகமாலாவை அங்கே உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஒரு கைப்பக்கம் வருண மூலைப் பொறியாளர் பாலாஜி, மறு கைப்பக்கம் குபேர மூலை ராமதாஸ்.

தலைவர் பரசுராமன் எழுந்தார். ஓய்வுபெற்ற பிறகு ஓய்வு பிடிக்காமல் வந்தவர்.

"ஒரு நகர மேலாளரோட இலக்கு எப்படி இருக்கணும்? அடையக்கூடியதா இருக்கணும். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாளா இங்க ஒரு இலக்குகூடத் தோத்ததில்ல. ஏன்னா ஜெயிக்குமா ஜெயிக்காதான்னு சந்தேகமா இருக்கிற எதையும் நாங்க கிட்டயே சேக்கறதில்ல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் கவிநிலா லேப்டாப்பைத் திறந்தாள். "இலக்கு வெச்சுட்டு அப்புறம் அடையறதெல்லாம் பழைய முறை சார். எது தானா நடக்கப்போவுதோ அதைப் பார்த்து இலக்கு வெக்கிறதுதான் இப்ப எல்லா இடத்துலயும். மேலாளருக்கும் மன அழுத்தம் இல்ல, ஊருக்கும் ஏமாற்றம் இல்ல."

நகர மேலாளர் விமல்ராஜ் எழுந்து பட்டியலை வாசித்தார். முப்பது வயசு இருக்கும். நன்றாகப் படித்தவர், நன்றாக இஸ்திரி போட்டவர். "மலையின் உயரம் தொடர்கிறது. பௌர்ணமி இந்த வருஷம் பன்னெண்டுதான் வருது சார். அதனால இலக்கை பதினொண்ணுன்னு வெச்சுக்கலாம். அப்பதான் ஜாஸ்தி காட்ட முடியும்."

"பிரமாதம்" என்றார் தலைவர்.

தான் வந்த இடம் சரிதானா என்று கனகமாலாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையைத் தூக்கினாள். "சார், எங்க தெரு கால்வா?"

"அது கட்டியாச்சேம்மா. கால்வாய் கட்டுதல்னு இலக்கு. கட்டினோம். நூறு சதவீதம்."

"கட்டினீங்க சார். தண்ணி போக வழி கட்டலையே."

"தண்ணி போறது இலக்குல இல்லையேம்மா" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

கனகமாலா பக்கத்தில் திரும்பிப் பாலாஜியைக் கேட்டாள். "அந்தக் குழாயைப் போட எத்தினி நாள் சார் ஆவும்?"

"மூணு நாள் மேடம். குழாய்கூட நம்ம கோடவுன்லயே கெடக்குது. நான் எழுதி அனுப்பிட்டேன். சார்கிட்டதான் நிக்கிது" என்று பாலாஜி அவளைத் தாண்டி ராமதாஸைக் காட்டினார்.

ராமதாஸ் மேசைக்கடியிலிருந்து கோப்பை எடுத்தார். "நானா நிறுத்தினேன்? இவரு குழாயோட நீளத்தை மீட்டர்ல எழுதியிருக்காரு. அடியிலயும் எழுதணும்னு கேட்டேன்."

"அவரு இதோ உக்காந்திருக்காரே சார். திருப்பிக் குடுத்தா எழுதிட்டுப் போறாரு."

ஹாலில் யாரோ 'உச்' கொட்டும் சத்தம் கேட்டது. ராமதாஸ் பொறுமையாக விளக்கினார். குபேர மூலையிலிருந்து வருண மூலைக்குத் திருப்பிக் கொடுத்தால் அது இடமாகப் போவதாகிவிடும். ஆகவே கோப்பு ஈசானியம் போய், இந்திரன், அக்னி, எமன், நிருதி எல்லாம் சுற்றிக்கொண்டு வருணனுக்கு வர வேண்டும். போகிற வழியில் எந்த மூலையும் சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பாது. ஆளுக்கொரு கேள்வி எழுதும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி மறுபடி ஒரு சுற்று போகும். மூன்று வருடமாக இந்தக் கோப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. அடிக் கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை. ஏனென்றால் பாலாஜியிடம் போகும்போதெல்லாம் அவருக்கு மற்ற மூலைகளின் கேள்விகளுக்கே பதில் எழுதி மாளவில்லை.

கனகமாலா கோப்பை வாங்கிப் புரட்டினாள். அக்னி மூலை, குழாய்க்குள் விளக்கு தேவைப்படுமா என்று கேட்டிருந்தது. நிருதி மூலை, தேங்கிய நீருக்கு வரி உண்டா என்று கேட்டிருந்தது. எம மூலையின் குறிப்பு ஒன்று போன கார்த்திகைத் தேதியில் இருந்தது. "மேற்படி தேக்கத்தால் இறப்பு ஏதும் பதிவாகவில்லை. எனவே அவசரம் என்ன என்பதை விளக்கவும்."

அந்தத் தேதியில் சுருதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கனகமாலாவுக்கு ஆத்திரம் கிளம்பியது. இத்தனை நாளும் இவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோமே என்று தன் மீதே கோபம் வந்தது. அதுவரைக்கும் அவளுக்கு இருந்த குழப்பமெல்லாம் அந்த ஒரு வரியோடு போய்விட்டது.

"இது யாரு சார் எழுதினது?"

எம மூலைக்காரர் அக்கறையாகக் கையைத் தூக்கினார். "வழக்கமா கேக்கறதுதாம்மா."

"என் பொண்ணு செத்திருந்தா உங்களுக்கு ஒரு கேள்வி கொறைஞ்சிருக்கும், இல்ல?"

தலைவர், "உள்ளார்ந்த கருத்தா பதிவு பண்ணிக்குங்க" என்றார். பிறகு இலக்குப் பட்டியலைக் கையெழுத்துக்கு விட்டார்.

பட்டியல் வலமாகச் சுற்றி வாயு மூலைக்கு வந்தது. கனகமாலா அதைத் தொடவில்லை.

"ஐப்பசிக்கு முன்னாடி எங்க தெரு குழாயை இணைக்கணும்னு இதுல ஒரு இலக்கு எழுதுங்க. போடறேன்."

அப்போதுதான் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பொதுமக்கள் பிரதிநிதியின் கையெழுத்தோடு பட்டியல் அன்றைக்கே மேலிடத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் விமல்ராஜுக்குச் சிறந்த நகர மேலாளர் விருது கிடையாது. வெளிநாட்டுக் கால்வாய்களை நேரில் பார்த்து வரத் தலைவர் போட்டிருந்த பயணத்துக்கும் அனுமதி கிடையாது. யாரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து அவளே கேட்டாள், பாலாஜி மெதுவாகச் சொல்லிவிட்டார்.

முதலில் நயமாகப் பேசினார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். 'கால்வாய் பற்றிய விழிப்புணர்வு' என்று ஓர் இலக்கு சேர்க்கலாம் என்றாள் கவிநிலா. "எங்க தெருவுல எல்லாருக்கும் விழிப்புணர்வு இருக்குதும்மா. நாத்தத்துல தூக்கமே வரமாட்டேங்குது" என்றாள் கனகமாலா. பிறகு ராமதாஸ் காதோரமாக, "எதுத்துக்கிட்டு நின்னா நல்லதில்லம்மா. நாளைக்கு வீட்டு வரி, பிளான் அப்ரூவல்னு எங்ககிட்டதான் வரணும்" என்றார். "வரேன் சார். இங்கதான இருப்பீங்க?" என்றாள்.

கடைசியில் அவளை அப்படியே விட்டுவிட்டால் பசியில் தானாகக் கையெழுத்துப் போடுவாள் என்று தலைவர் முடிவு செய்தார். பட்டியல் வலம் வந்துகொண்டிருக்கும்போது யாரும் எழுந்து போகக் கூடாது என்பது வாரியத்தில் வழக்கம். கிரிவலத்தைப் பாதியில் விடலாமா? டீயும் கிடையாது, பஜ்ஜியும் கிடையாது. அமைதியாக உட்கார்ந்தார்கள்.

வாரியம் செய்த தவறு இதுதான். ஜன்னலில் வெயில் மஞ்சளாகும்போதே கனகமாலா டிபன் பாக்ஸைத் திறந்து, தக்காளி சாதத்தைச் சாப்பிட்டு முடித்து, தண்ணீர் குடித்து, பாக்ஸை மூடிவிட்டாள். இனி விடிந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு. சதுர்த்தசி தோறும் முழுப் பட்டினி இருக்கிற வீட்டுப் பெண்ணிடம் போய்ப் பசியைக் காட்டினால் என்ன ஆகும்? விளக்குப் போடும் நேரத்தில் அக்னி மூலைக்குத் தலை சுற்றியது. நிருதி மூலைக்குச் சர்க்கரை இருந்தது. எம மூலைக்காரர் பாத்ரூம் போக வழக்கத்தில் இடமிருக்கிறதா என்று எழுத்துமூலம் கேட்டார். அந்தச் சீட்டும் வலமாகத்தான் புறப்பட்டது.

தலைவரின் குரல் இறங்கிவிட்டது. "இன்னாம்மா வேணும் உனக்கு?"

"அதான் மத்தியானத்துலேந்து சொல்றேனே சார்."

"எழுதலாம்மா. ஆனா குழாய்க் கோப்பு முடியாம குழாயை இலக்குல எழுத முடியாது. அது சுத்தி வரணும்."

கனகமாலா அவரையே பார்த்தாள். பிறகு ராமதாஸின் மேசையிலிருந்து கோப்பை எடுத்தாள். எழுந்துகூட நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி, ஒரு கையால் வாங்கி மறு கையால் பாலாஜியின் முன்னால் வைத்துவிட்டாள்.

"எடமா போவுது! எடமா போவுது!" என்று எம மூலை அலறியது.

தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன காரியம் பண்ணிட்டே! இந்த ஆபீஸ்ல ஒரு தடவை போன கோப்பு திரும்பி வந்ததா சரித்திரமே கெடையாது! தப்பு பண்ணினவன் கைக்கே அவன் தப்பு திரும்பி வந்துச்சுன்னா அப்புறம் இங்க நிர்வாகம் எப்படி நடக்கும்? ஆளாளுக்குத் திருத்த ஆரம்பிச்சுட மாட்டானா? ஒவ்வொரு வேலையும் அன்னன்னைக்கே முடிஞ்சுபோனா நாங்கள்லாம் எதுக்கு? நீ பொறந்த ஊரு இது. வலம் வர்றதோட மகிமை தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். எங்க தெருவுல பாதிப் பேரு பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடக்கறாங்க. அவங்க சுத்தறது மலையை. நீங்க என்னாத்த சுத்தறீங்கன்னு நடுவுல பாருங்க." கனகமாலா கையை நீட்டிக் காட்டினாள். "ஏர்கூலரை நான் வலம் வரமாட்டேன் சார்."

எல்லோரும் திரும்பி நடுவில் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை போலிருந்தது.

பாலாஜி பேனாவை எடுத்தார். மீட்டருக்குப் பக்கத்தில் அடியை எழுதினார். தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவர் கொடுத்ததைக் கனகமாலா வாங்கி ராமதாஸிடம் வைத்தாள். அது வலம்தான், யாரும் ஆட்சேபிக்க முடியாது. கேட்பதற்கு வேறு கேள்வி இருக்கிறதா என்று ராமதாஸ் ஒரு நிமிடம் தேடிப் பார்த்தார். பசி தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் எந்த மூலையும் வாய் திறக்கவில்லை. கோப்பு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது.

இலக்கை எழுத வேண்டிய இடத்தில் விமல்ராஜ் பேனாவைப் பிடித்தபடி நின்றார். "மேடம், ஐப்பசிக்குள்ளன்னு எழுதச் சொல்றீங்க. ஒருவேளை முடியலைன்னா? நான் வேலைக்கு வந்ததுலேந்து நடக்காம போவக்கூடிய இலக்கே எழுதினதில்ல."

அந்தப் பையன் நிஜமாகவே பயந்திருக்கிறான் என்று கனகமாலாவுக்குப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது. ஆனாலும் விடவில்லை. "முடியலைன்னா முடியலைன்னு எழுதுங்க சார். எங்க வாசல்ல வந்து நின்னு எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வேலை உண்மையிலேயே மூன்று நாளில் முடிந்தது. ஆரம்பிக்கத்தான் புரட்டாசி வரைக்கும் ஆயிற்று. ரோட்டை வெட்டிக் குழாயைப் போட்டார்கள். மூன்று வருடத்துத் தண்ணீர் ஒரு மதியத்தில் வடிந்து போனது. சுருதி வாசலில் நின்று அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. தெருவில் ஷாமியானா, மேடை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, ரவுண்டு ஸ்பீக்கர். குழாய் மண்ணுக்கடியில் இருந்ததால் எதைத் திறப்பது என்று கொஞ்சம் தடுமாறி, கடைசியில் ரோட்டுக்கே ரிப்பன் கட்டி வெட்டினார்கள். தலைவர் அரை மணி நேரம் பேசினார். வாரியத்தின் தொலைநோக்கால் மக்கள் கேட்காமலே வந்த திட்டம் இது என்றார். ஈசானிய மூலையில் தொடங்கி, மேடையில் உட்கார்ந்திருந்த எல்லா மூலைகளுக்கும் சால்வை போர்த்தப்பட்டது. அழைப்பிதழில் கடைசி நிகழ்ச்சியாக "பயனாளி நன்றியுரை: திருமதி கனகமாலா" என்று அச்சடித்திருந்தார்கள். அவளைக் கேட்டு அச்சடிக்கவில்லை.

கனகமாலா மேடை ஏறி மைக்கை வாங்கினாள். பவன் முன்வரிசையிலிருந்து, விட்டுவிடு என்பதுபோலக் கையால் ஜாடை காட்டினான். அவள் கண்டுகொள்ளவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். இது மூணு நாள் வேலை. மூணு வருஷம் ஆச்சு. அந்த மூணு வருஷத்துல எங்க தெருவுல ஏழு புள்ளைங்களுக்குக் காய்ச்சல். அதுல என் பொண்ணும் ஒருத்தி, பொழச்சு வந்தா. இதுக்கு நான் நன்றி சொல்லணும்னு போட்டிருக்கீங்க. சொல்றேன். ஆனா நீங்க மொதல்ல மன்னிப்பு கேக்கணும். கேட்டதும் சொல்றேன். நான் கீழதான் உக்காந்திருக்கேன், அவசரம் ஒண்ணும் இல்ல."

மைக்கை மேடை மேசையில் வைத்துவிட்டு, இறங்கி வந்து சுருதிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

மேடையில் எல்லோரும் தங்கள் சால்வையின் ஓரத்தைச் சரிசெய்தார்கள். தேசிய கீதம் போடலாமா என்று ராமதாஸ் தலைவரின் காதில் கேட்டது மைக்கில் விழுந்து எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

விமல்ராஜ் எழுந்தார். சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மைக்கை எடுத்தார். "நான் நகர மேலாளர் பேசறேன்" என்று ஆரம்பித்தார். தலைவர் ஸ்பீக்கர்காரனைப் பார்த்து விரலை அசைத்தார். மைக் செத்துப்போனது.

விமல்ராஜ் கையிலிருந்த மைக்கை ஒரு தரம் பார்த்தார். அதைக் கீழே வைத்தார். மேடையின் ஓரத்துக்கு வந்து நின்று, தொண்டை கிழிய, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"தப்பு எங்க மேலதாங்க! மன்னிச்சுக்குங்க!"

கனகமாலா எழுந்து நின்றாள். அவளுக்கும் மைக் தேவைப்படவில்லை.

"நன்றி சார். அடுத்தது பின் தெரு."